தண்டை உருக்கிய பாத்திரம்

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற செய்தி உங்கள் காதுகளுக்கெல்லாம் எட்டிவிட்டது. ஒருத்தி போன் செய்து, மயக்கம் வந்ததா என்று கேட்கிறாள். இன்னொருவர், பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டாயா என்கிறார். மயக்கமும் இல்லை, மாத்திரையையும் விடவில்லை. எனக்கு வந்தது அதிர்ச்சி. இந்த வயதுக்குமேல் எதற்கும் அதிரமாட்டேன் என்று நினைத்திருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் என்னைத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது.

சபையின் வரலாற்றை என் தம்பி மேடையில் நின்று வாசித்துக்கொண்டிருந்தான். அவன்தான் இப்போது சபைச் செயலாளர். நன்றாகத்தான் வாசித்தான், குறை சொல்ல முடியாது. முதல் விசுவாசிகள், ஓலைக் கொட்டகை, ஓட்டுக் கட்டடம், மணி வந்த கதை. பிறகு, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், "அக்காலத்தில் நம் சபை சுகாதாரத்தைக் கருதித் திருவிருந்துக்குத் தனித்தனிச் சிறு கிண்ணங்களை ஏற்றுக்கொண்டது" என்றான்.

சுகாதாரமாம்!

வேறு யார் வாசித்திருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தச் சொல் என் தம்பி வாயிலிருந்து வந்ததுதான் தாங்கவில்லை. ஏன் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். ஓய்வுநாள் பள்ளிப் பாயில் என் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள். அன்றைக்கு நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு மறந்துபோனதாகச் சொல்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. சிங்காநல்லூர்ப் பக்கம் மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. அப்பா ஒரு மில்லில் குமாஸ்தா. சைக்கிளில் போய் வருவார். அம்மா மிஷன் பள்ளியில் ஆசிரியை. நம் ஊர் என்று சொல்லிக்கொள்ள என்ன இருந்தது? பல்லடம் ரோட்டிலிருந்து பிரிந்து போகும் வண்டித்தடத்தில், ஒரு கரட்டுக்காட்டின் நடுவே, முப்பது வீடு, ஒரு கோயில், ஒரு கிணறு. சுற்றிலும் சோளக்காடு. காற்றடித்தால் கோயிலுக்குள் செம்மண் வந்து வேதப்புத்தகத்தின் மேல் படியும். பிரசங்கம் தொடங்குமுன் உபதேசியார் புத்தகத்தை ஊதிவிட்டுத்தான் திறப்பார்.

மிஷன் துரைமார் நமக்கு வைத்துவிட்டுப் போன பெயர் காங்கிரிகேஷனல் சபை. அந்தப் பெயரை வாயில் நுழைய வைக்கவே நம் ஆட்கள் பாதிப் பேர் பாடுபட்டார்கள். ஆனால் அதன் அர்த்தம் மட்டும் எல்லாருக்கும் நன்றாகத் தெரியும்: நமக்கு மேலே எவனும் இல்லை. அத்தியட்சர் கிடையாது, மேலிடத்து உத்தரவு கிடையாது. போதகர்கூட மாதம் ஒருமுறை டவுனிலிருந்து வண்டி கட்டி வந்து, திருவிருந்து கொடுத்துவிட்டுப் போகிறவர்தான். முடிவெல்லாம் சபையாருடையது. ஆராதனை முடிந்ததும் அப்படியே பாயில் உட்கார்ந்து சபைக்கூட்டம் நடக்கும். கேள்வியைச் சொல்வார்கள்; கை தூக்குவார்கள்; எண்ணுவார்கள். பெண்களும் கை தூக்கலாம். "ஊருல கவுண்டரூட்டு அம்மாக்களுக்கே இது கிடையாது" என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். நாமும் விளையாட்டில் எல்லாவற்றுக்கும் கை தூக்கினோமே, நினைவிருக்கிறதா? நாய்க்குட்டிக்குப் பெயர் வைக்க, கொய்யாக்காயை யார் முதலில் கடிப்பது என்று தீர்மானிக்க. தோற்றவன் அழுதால், "சபை முடிவு, சபை முடிவு" என்று கத்துவோம்.

கோயிலில் விலைமதிப்புள்ள பொருள் என்று இருந்தது ஒன்றுதான். திருவிருந்துப் பாத்திரம். இரண்டு கைப்பிடி வைத்த பெரிய வெள்ளிப் பாத்திரம். ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். எப்போதோ மாட்டுவண்டியிலிருந்து விழுந்ததாம். அதன் கதையை நமக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! முதலில் வேதத்தில் சேர்ந்த குடும்பங்களை அவரவர் ஊரில் கிணற்றண்டை வரவிடவில்லை. கயிற்றைப் பிடுங்கினார்கள், குடத்தை உடைத்தார்கள். அவர்கள் இந்தக் கரட்டுக்கு வந்து முதலில் வெட்டியது கிணறு. கோயில் அதற்குப் பிறகுதான். திருவிருந்துக்குப் பாத்திரம் வேண்டுமென்று வந்தபோது, பெண்கள் காலில் கிடந்த தண்டையையும் பிள்ளைகளின் அரைஞாணையும் கழற்றிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் உருக்கி ஒன்றாக ஊற்றச் சொன்னார்கள். தண்ணீர் மறுக்கப்பட்டவர்கள் அல்லவா? இங்கே யாருக்கும் தனிக் குவளை கிடையாது, எல்லாரும் ஒரே விளிம்பில் வாய் வைத்துக் குடிப்பது என்று அன்றைக்கே தீர்மானம். அதுவும் கை தூக்கித்தான்.

பாத்திரத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவது அம்மாவின் வேலை. திருவிருந்துக்கு முந்தின நாள் அது வீட்டுக்கு வரும். பெரிய கடைவீதி ராவுத்தர் கடையில் வாங்கிய உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து, துணியில் வடிகட்டுவாள். அந்த ராவுத்தர், "பந்திக்குங்களாம்மா? அப்ப நல்லதாப் பொறுக்கித் தர்றேன்" என்று காம்பு கிள்ளிக் கொடுப்பார். வீடு முழுக்க அந்தப் புளித்த இனிப்பு வாசனை அடிக்கும். நமக்கு ஒரு சொட்டுக் கிடைக்காது. சபையின் முழு அங்கத்தினர் ஆனால்தான் அது. நான் துணியை மோந்து பார்த்துக்கொள்வேன்.

இனி கிழக்கு வளவுக்கு வருகிறேன்.

கோயிலுக்குக் கிழக்கே, பள்ளத்தைத் தாண்டி, ஐந்தாறு குடிசைகள். மாடு பூட்டிக் கவலை இறைக்கும் கிணறுகளுக்குத் தோல்பறி தைக்கிறவர்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ். அவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். எல்லா ஞாயிறும் வருவார்கள், கடைசித் தூணுக்குப் பின்னால் உட்காருவார்கள். நம் கிணற்றில் அவர்களுக்குத் தண்ணீர் உண்டு; அதில் நாம் தாராளம். ஆனால் அவர்கள் இறைக்கும் நேரம் வேறு, நாம் இறைக்கும் நேரம் வேறு. அப்படி யார் விதித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விதிக்காமலே நடக்கிற காரியங்களுக்கு யாரும் கை தூக்க வேண்டியதில்லை.

அந்த வளவில் ஓர் அக்கா இருந்தாள். பள்ளிக்கூடம் கூட்டிப் பெருக்க வருவாள். உயரமாக, பெரிய கைகளோடு, சிரித்தால் ஈறு தெரிய. நான் அவளை "வளவக்கா" என்றுதான் கூப்பிடுவேன். எல்லாரும் அப்படித்தான்.

தம்பி பிறந்து சில நாட்களில் அம்மாவுக்கு விஷக்காய்ச்சல். பிழைத்துவிட்டாள், ஆனால் பால் வற்றிவிட்டது. ஆட்டுப்பால் கொடுத்தார்கள், கக்கினான். டப்பாப் பால் வாங்கி வந்தார்கள், பேதியானது. கோழிக்குஞ்சு அளவுக்குச் சுருங்கிப்போனான். அப்பா இரண்டு வேளையும் முழங்கால்படியிட்டு ஜெபித்தார். பிறகு பிள்ளை திடீரென்று தேற ஆரம்பித்தது. கன்னம் வைத்தது, தொடை மடிப்பு விழுந்தது. அப்பா சபையில் எழுந்து நின்று, ஜெபம் கேட்கப்பட்டது என்று சாட்சி சொன்னார்.

ஜெபம் கேட்கப்பட்டதோ இல்லையோ, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் பழைய தேசப்படங்களும் பாய்களும் போட்டுவைக்கும் ஒரு அறை உண்டு. சுண்ணாம்புக்கட்டி வாசனையும் எலிப்புழுக்கை வாசனையும் அடிக்கும். காலையில் பெருக்க வரும்போதும், மத்தியானம் மணியடித்த பிறகும், வளவக்கா அந்த அறைக்குள் போவாள். அவளுக்கும் கைக்குழந்தை, ஒரு பெண். ஒரு பக்கம் அவள் மகள், ஒரு பக்கம் என் தம்பி. கதவுக்கு வெளியே காவல் நான்.

முதல் நாள் அம்மா என் தோளைப் பிடித்து, "அப்பாகிட்டச் சொல்லக்கூடாது. தெரிஞ்சா அவரு சோறு உங்கமாட்டாரு. பையனும் நம்மளுக்குத் தங்கமாட்டான். புரிஞ்சுதா?" என்றாள். புரிந்தது என்று தலையாட்டினேன். அம்மாவின் விரல்கள் பதிந்த இடம் வலித்தது, அவ்வளவுதான் புரிந்தது.

வளவக்கா பாலூட்டும்போது என்னோடு பேசிக்கொண்டிருப்பாள். அவளும் இன்னும் முழு அங்கத்தினர் ஆகவில்லை; வளவில் யாருமே ஆகவில்லை. அதனால் பாத்திரத்தில் குடிக்காதவர்கள் என்ற வகையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

"ஏனுங்க அம்மணி, உங்கூட்டுலதான அந்தச் சாறு புழியறாங்க. அது எப்படீங்க இருக்கும்?"

"எனக்கும் குடுக்கமாட்டாங்கக்கா. துணிய மோந்துதான் பாத்தேன். வெல்லமும் புளியும் சேந்த மாதர வாசம்."

"என்ற மாமியா சாகறப்ப அதத்தானுங்க கேட்டாங்க. ஒருவாய் அந்தப் பாத்தரத்துல குடிச்சுபோட்டுச் சாகோணுமுன்னு. நாம்போயி எல்லாத்தையுங் கத்துக்கிட்டு வந்து பதில் சொல்லிப்போடறேன் பாருங்க. அப்பறம் ஆரும் வேண்டாங்க முடியாதில்லீங்?"

முழு அங்கத்தினர் ஆவதற்குச் சபை முன்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. உபதேசியார் வாசிக்க, கேட்டுக் கேட்டே அத்தனையும் மனப்பாடம் செய்தாள். மார்பில் என் தம்பி உறிஞ்சிக்கொண்டிருக்க, கண்ணை மூடிப் பத்துக் கட்டளைகளை அவள் முணுமுணுத்தது இன்னும் என் காதில் இருக்கிறது. நடுவே சிக்கிக்கொண்டால் என்னைப் பார்ப்பாள். நான் எடுத்துக் கொடுப்பேன்.

தம்பி பேச ஆரம்பித்தபோது தண்ணீரை "நீள்ளு" என்றான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "பையன் எங்க மேஸ்திரியாட்டத் தெலுங்கு பேசறானே! மில்லுல மேஸ்திரி ஆயிருவானாட்டருக்குது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்கழியில் வளவக்காவும் வளவைச் சேர்ந்த இன்னும் சிலரும் சபைமுன் நின்றார்கள். கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வழியில்லை. கை தூக்கினார்கள். வரும் ஈஸ்டர் பண்டிகையில் சேர்த்துக்கொள்வது என்று முடிவானது. வளவக்கா அன்றைக்கு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டாள்.

அடுத்த மாதமே சபைக்கூட்டத்தில் அப்பா எழுந்தார். அப்பா சபையின் உதவிக்காரர்; திருவிருந்தைப் போதகர் ஆசீர்வதித்துக் கொடுக்க, கொண்டுபோய்ப் பரிமாறுகிறவர்.

"டவுன்ல பிளேக்குல எலி செத்து விழுந்துட்டு இருக்குதுங்க. ஒரே பாத்திரத்துல அத்தன பேரும் வாய் வெச்சா நோவு பரவுமுங்கறாங்க டாக்டருமாரு. மெட்ராசுல எல்லாம் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வந்துருச்சாமுங்க. நாமளும் சுகாதாரமா இருக்கோணுமில்லீங்களா?"

நம் சபையில் வண்டியோட்டும் பெரியவர் ஒருவர் இருந்தாரே, காதில் கடுக்கன் போட்டவர், அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: "ஏனுங்க, போன வருசமும்தான் எலி விழுந்துச்சு. அப்பப் பரவுலீங்களா?"

"அப்ப நம்மளுக்குத் தெரியாதுங்க."

"இப்பக் கெழக்கு வளவுக்காரங்க வாயி வெக்கப்போறதுனால தெரிஞ்சுபோச்சாக்குங்க?"

ஓட்டில் அணில் ஓடுவது கேட்டது. உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சம்மதமுள்ளவங்க கை தூக்குங்க" என்றார்.

என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவரல்ல. நோவுக்குப் பயந்தவரும் அல்ல. அதற்கு முந்தின வருஷம் பிளேக்கில் ஒரு வீடே காலியானபோது, சொந்தக்காரர்களே எட்டி நிற்க, உள்ளே போய்ப் பிணங்களைத் தூக்கி வந்து குழிக்குள் இறக்கியவர் அவர்தான். பிளேக் பிணத்தைத் தோளில் சுமந்த மனிதர் ஒரு பாத்திரத்தின் விளிம்புக்குப் பயந்தார். அன்றைக்கு எனக்கு இது புரியவில்லை. இன்றைக்குப் புரிகிறது, புரிவதால் இன்னும் மோசமாக இருக்கிறது.

ஆண்கள் பக்கம் கைகள் எழுந்தன. வண்டிக்காரர் மட்டும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். பெண்கள் பக்கம் நான் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். தம்பி அவள் வலது கைமேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா பின்னால் திரும்பித் தூணைப் பார்க்கவில்லை. பிள்ளையை மெதுவாக இடது பக்கம் மாற்றிக்கொண்டு, காலியான வலது கையைத் தூக்கினாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். இது என்ன? மத்தியானம் கதவுக்கு வெளியே என்னைக் காவல் வைத்தவள் இவள்தானா?

சின்னக் கண்ணாடிகள் ரயிலில் வந்தன. மரப்பெட்டி, உள்ளே வைக்கோல், வைக்கோலுக்குள் விரல் நீளக் கண்ணாடிகள். நாமெல்லாம் பொம்மைக் கல்யாணத்துக்குக் கேட்டு அழுதோம். அழகாகத்தான் இருந்தன. அதற்கென்று ஓட்டைகள் போட்ட தட்டும் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாள் அம்மா ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தாள். அப்போது அப்பா டவுனிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். உள்ளே தகரக் குவளைகள், குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கிற அளவில்.

"இது எதுக்குங்கப்பா?"

"கண்ணாடி பத்துலீன்னா வேணுமில்ல கண்ணு."

"பெட்டியில இன்னும் நெறையக் கண்ணாடி இருக்குதுங்களேப்பா?"

"அது ஒடஞ்சா மாத்தறதுக்கு. போய் வெளையாடு போ."

கண்ணாடிகளைக் கழுவி அடுத்த மாதமும் எடுக்க வேண்டும். இந்த மாதம் யார் வாய் வைத்தது, அடுத்த மாதம் யாருக்கு வரும் என்று யார் கண்டது? ஒரு தப்புக்குள் இன்னொரு தப்பை எவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்கிறார்கள் பாருங்கள்!

ஈஸ்டர் அன்று கோயில் முழுக்க வேப்பம்பூ வாசனை. வளவக்கா மஞ்சள் சேலை கட்டி, எண்ணெய் வைத்துத் தலைவாரி வந்திருந்தாள். போதகர் புதியவர்களை முன்னால் அழைத்து, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, ஐக்கியத்தின் அடையாளமாக வலது கை கொடுத்தார். நம் சபையின் வழக்கம் அது. போதகரின் கை அவளுடைய கைக்குள் காணாமல் போயிற்று. அவள் ஈறு தெரியச் சிரித்தாள். எங்கள் கண்ணெல்லாம் மேசைமேல் வெயிலில் மினுங்கிய கண்ணாடிகளின் மேல்தான் இருந்தது. நடுவில் அழகுக்காக வெள்ளிப் பாத்திரத்தையும் வைத்திருந்தார்கள். காலியாக.

அப்பம் முடிந்தது. அப்பா கண்ணாடித் தட்டை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார். அதே நேரம் கோயில்குட்டி (மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவரை அப்படித்தான் சொல்வோம்) இன்னொரு தட்டோடு நேரே கடைசித் தூணுக்குப் போனார். வளவக்கா கையை நீட்டினாள். தகரக் குவளையைப் பார்த்தாள். முன்னால் பார்த்தாள். குவளையைக் குடிக்காமல் பாயின்மேல் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஏனுங்க ஐயா" என்றாள். திருவிருந்து நடுவே பேச்சுச் சத்தம் எழுந்தது அதுதான் முதல் தடவை. "அந்தப் பெரிய பாத்தரத்துல ஒண்ணுமில்லீங்களா?"

போதகர் திகைத்துப்போனார். "அது இப்ப வழக்கத்துல இல்லம்மா. சபை முடிவு பண்ணிட்டாங்க."

"சபைன்னா, இன்னைலிருந்து நானுமுங்களா?"

போதகர் அப்பாவைப் பார்த்தார். பிறகு, பொய் சொல்லத் தெரியாத மனிதர், "ஆமாம்மா" என்றார்.

"அப்படீன்னா எனக்கும் கை இருக்குதுங்க." அவள் வலது கையைத் தூக்கினாள். கொஞ்ச நேரத்துக்கு முன் போதகர் பிடித்த அதே கை. "எனக்கு அந்தப் பாத்தரத்துல குடிக்கோணுமுங்க. எல்லார்த்தோடயும்."

கை அப்படியே நின்றது. கோபமாக ஒன்றும் இல்லை. எப்போதும்போலப் பணிவாகத்தான் நின்றாள். இன்னொரு கை எழவில்லை. அவளோடு சேர்ந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வண்டிக்காரர்? அவர் அன்றைக்குக் கோயிலுக்கே வரவில்லை. நான் கை தூக்கலாமா, பிள்ளைகளுக்கு அந்த உரிமை இல்லையே என்றுகூட யோசிக்கத் தோன்றாமல், அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தம்பி அம்மா மடியிலிருந்து நழுவினான்.

அவன் நடக்கப் பழகிச் சில மாதங்கள்தான். அம்மா பிடிப்பதற்குள் பாய்களின் மேல் தத்தித் தத்திப் போய்விட்டான். பெண்கள் வரிசை ஒவ்வொன்றாக விலகி வழிவிட்டது; எங்கேயோ விளையாடப் போகிறான் என்று சிரித்தவர்களும் உண்டு. நேரே அவளிடம் போனான். சேலையைப் பிடித்து இழுத்தான். அவள் குனியவில்லை, கையைத் தூக்கியபடியே நின்றாள். அவன் அழ ஆரம்பித்தான். விழுந்துவிடுவான்போலத் தள்ளாடினான். அவள் தூக்கிய கை இறங்கியது, அவனைப் பிடிப்பதற்காக. அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் எந்தத் தயக்கமும் இல்லாமல், தினமும் செய்கிற பிள்ளை செய்வதுபோல, அவள் முந்தானையை விலக்கி மார்பில் முகத்தைப் புதைத்தான்.

அத்தனை பேரும் பார்த்தார்கள். நீங்களும் பார்த்தீர்கள்.

அப்பாவின் கையில் இருந்த தட்டில் கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசி மெல்லிய சத்தம் எழுந்தது, நெடுநேரம் ஓயவில்லை. அவர் முகத்தில் இருந்ததற்கு நான் இன்றுவரை பெயர் வைக்கவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

வளவக்கா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் பாலைக் குடிப்பீர்கள், என் வாய் பட்டதைக் குடிக்கமாட்டீர்களா என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வந்து அம்மா மடியில் வைத்தாள். "வாத்தியாரம்மா, பையனுக்குத் தூக்கமாட்டருக்குதுங்க. பொம்பளையக் கண்டா எல்லார்த்துக்கிட்டயும் இப்படித்தானுங்க பண்றான்" என்றாள், நாலு பேருக்குக் கேட்கும்படி. தனக்கு எதிராகக் கை தூக்கியவளின் மானத்தை அவள் காப்பாற்றினாள். பிறகு தன் மகளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தகரக் குவளை பாயின்மேல் நிறைந்தபடியே இருந்தது.

போதகர், "நாம் எழுந்து பாடுவோம்" என்றார். பாடினார்கள்! அதைத்தான் என்னால் நம்பவே முடியவில்லை. எல்லாச் சரணமும் பாடினார்கள்.

அதன்பிறகு கிழக்கு வளவிலிருந்து யாரும் வரவில்லை. ஆனி மாதத்துக்குள் குடிசைகள் காலி. மில் வேலைக்குப் போனார்கள் என்றார்கள், கொடுமுடிப் பக்கம் சொந்தக்காரர்களிடம் போனார்கள் என்றும் சொன்னார்கள். தம்பி வாரக்கணக்கில் அழுதான். கதவு பூட்டிய அந்த அறைமுன் போய் நின்று தட்டுவான். அப்பா வீட்டில் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. உதவிக்காரர் பொறுப்பை மட்டும் விட்டுவிட்டார். மில்லில் வேலை அதிகம் என்றார். அம்மா சாகும்வரை திருவிருந்துத் தட்டைத் தொடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டாள். பக்தியுள்ளவள், தன்னைத் தகுதியற்றவளாக எண்ணுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். "அவனுக்கு மட்டும் சொல்லிப்போடாதே" என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். வெள்ளிப் பாத்திரத்தை ஓடு மாற்றுவதற்காக விற்றார்கள். அதற்கும் கை தூக்கினார்கள்.

முப்பது வீட்டுச் சபை இந்த ஒரு ரகசியத்தை மட்டும் இத்தனை காலம் கட்டிக்காத்தது ஆச்சரியம்தான். இதைச் சொன்னால் தகரக் குவளையையும் சொல்ல வேண்டிவரும் என்பதால்தான் இருக்கும்.

இப்போது போன ஞாயிறு. "சுகாதாரத்தைக் கருதி" என்று அவன் வாசித்ததும் என் கை தானாக மேலே போனது. கையை இறக்காமலே எழுந்தேன். பக்கத்தில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். தம்பி மைக்கிலேயே, "என்னக்கா? தண்ணி வேணுமா?" என்றான்.

"தண்ணி வேண்டாங் கண்ணு. நீ படிச்சது பொய்" என்றேன்.

பிறகு சொன்னேன். அம்மாவிடம் கொடுத்த வாக்கை மீறித்தான் சொன்னேன். தகரக் குவளை, தூக்கிய கை, பள்ளிக்கூடத்து அறை, எல்லாம். யாரோ மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள், நன்றாகக் கேட்பதற்காக. தம்பி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். எழுபது தாண்டிய அந்த முகம் அழுவதற்கு முன் கீழுதடு பிதுங்கியது. கதவைத் தட்டிக்கொண்டு நின்ற பிள்ளைக்கும் அப்படித்தான் பிதுங்கும். கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"எழுதிக்கறேங்கக்கா" என்றான். "அவங்க பேரு என்ன?"

வாயைத் திறந்தேன். வளவக்கா. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

போதகர் கை கொடுத்தபோது அந்தப் பெயரைச் சபையெல்லாம் கேட்கச் சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன், கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு. ஒரு வருஷத்துக்குமேல் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன், பத்துக் கட்டளைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், பெயரைக் கேட்கவில்லை. தம்பி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னும் காத்திருக்கிறான். அந்தப் பாயில் உட்கார்ந்திருந்த உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அவள் பெயர் என்ன?